கைப்பேசியும் நடைப்பயிற்சியும்

உடற்பயிற்சி உடலுக்கு நல்லது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் புத்தாண்டு அன்று தொடங்கிப் பொங்கலுக்குள் விட்டுவிடுபவர்களே நம்மில் அதிகம். தொடங்குவது எளிது, தொடர்வது கடினம். இந்த இடத்தில்தான் கைப்பேசி உதவிக்கு வருகிறது. எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணிச் சொல்கிறது. நடக்காத நாளில் நினைவூட்டுகிறது. நண்பர்களோடு போட்டி வைக்கிறது. சில நாடுகளில் பரிசுச் சீட்டு கூட வாங்கித் தருகிறது. இவற்றுள் எது மனிதரை உண்மையில் நடக்க வைக்கிறது, எது சில வாரங்களில் சலித்துப்போகிறது என்று பல நாடுகளில் ஆய்வு செய்திருக்கிறார்கள். அவற்றுள் நமக்குப் பயன்படக்கூடிய சிலவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம். உடற்பயிற்சிகள் பல இருந்தாலும், செலவில்லாததும் கைப்பேசி எளிதில் அளக்கக்கூடியதும் நடைதான் என்பதால் அதையே முதன்மையாக எடுத்துக்கொண்டுள்ளேன்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வயதுவந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும். வேகமாக நடப்பது மிதமான உழைப்பில் சேரும். ஒரு நாளைக்கு அரைமணி நேரம் என்று வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் கீழ் வரம்பை எட்டிவிடலாம். உலகில் வயதுவந்தோரில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் 2022-இல் இந்த அளவைக்கூட எட்டவில்லை. இந்தியாவில் அது ஏறத்தாழ பாதிப்பேர். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் வீட்டுக்கு ஒருவரிடம் இருக்கும் நம் ஊரில் இது சிறிய செய்தி இல்லை.

கைப்பேசி எப்படி எண்ணுகிறது?

கைப்பேசிக்குள் முடுக்கமானி என்ற மிகச் சிறிய உணரி இருக்கிறது. அது மேல்கீழ், முன்பின், பக்கவாட்டு என்ற மூன்று திசைகளிலும் அசைவின் மாற்றத்தை அளக்கிறது. நாம் நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் உடல் சற்று உயர்ந்து தாழ்கிறது. பாதம் தரையில் படும்போது ஒரு சிறு அதிர்வும் ஏற்படுகிறது. ஆகவே உணரியின் அளவீட்டை வரைபடமாகப் போட்டால், அலை போல ஏறி இறங்கும் கோடு கிடைக்கும். சாதாரண நடையில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ இரண்டு அடிகள் விழும். இந்தத் தாளத்தில் சீராக வரும் ஏற்ற இறக்கங்களை அடிகள் என்று மென்பொருள் எண்ணிக்கொள்கிறது. தாளம் தப்பி வரும் அசைவுகளைத் தள்ளிவிடுகிறது. ஒரே ஓர் அசைவைக் கண்டவுடன் எண்ணாமல், தொடர்ந்து சில அடிகள் விழுந்த பிறகே நடை என்று உறுதிசெய்துகொள்ளும் செயலிகளும் உண்டு. ஜிபிஎஸ் வசதியை இயக்கினால் போன தொலைவும் வழியும் பதிவாகும். ஆனால் மின்கலம் விரைவில் தீரும்.

2013-இல் வந்த ஐபோன் 5எஸ், நெக்சஸ் 5 ஆகிய கைப்பேசிகளில் இந்த எண்ணும் வேலைக்கென்றே தனி ஏற்பாடு வந்தது. மின்சாரத்தை மிகக் குறைவாகச் செலவழித்து நாள் முழுவதும் எண்ணிக்கொண்டிருக்க அது வழிசெய்தது. அதன் பிறகுதான் தனியாகக் கருவி எதுவும் வாங்காமலே கோடிக்கணக்கானோர் கையில் அடி எண்ணி வந்து சேர்ந்தது.

இதில் ஒரு குறை உண்டு. கைப்பேசி உடலோடு இருந்தால்தான் எண்ணும். ஆண்கள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். புடவைக்குப் பை ஏது? காலை ஐந்து மணிக்கு வாசல் தெளித்துக் கோலம் போடுவதில் தொடங்கி, மாடிப்படி ஏறித் துணி உலர்த்தி, இரவு பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பது வரை ஒரு பெண் வீட்டுக்குள் நடக்கும் நடையெல்லாம் அடுப்படி அலமாரியில் கிடக்கும் கைப்பேசிக்குத் தெரியாது. மாலையில் எடுத்துப் பார்த்தால் 600 அடி என்று காட்டும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். மணிக்கட்டில் கட்டும் பட்டையோ கைக்கடிகாரமோ இருந்தால் இந்தக் குறை பெரும்பாலும் நீங்கும். என்றாலும் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது கை அசையாததால் அதுவும் குறைத்து எண்ணக்கூடும். எண் துல்லியமாக இருப்பதைவிட, ஒரே முறையில் நாள்தோறும் எண்ணப்படுவதுதான் தேவை. அப்போதுதான் நேற்றையும் இன்றையும் ஒப்பிட முடியும்.

பத்தாயிரம் என்ற எண் எங்கிருந்து வந்தது?

பெரும்பாலான செயலிகளும் பட்டைகளும் ஒரு நாளைக்கு 10,000 அடி என்ற இலக்கைப் பரப்பிவிட்டன. மருத்துவ ஆராய்ச்சியில் கண்டுபிடித்த எண் என்றே பலரும் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பணி ஓய்வு பெற்ற ஆண்டில் என் மகள் கைப்பேசியில் ஒரு செயலியைப் போட்டுக்கொடுத்தாள். அதிலுள்ள வட்டம் நிறைந்தால் பச்சை நிறமாகும். வட்டம் நிறைய வேண்டுமே என்று இரவு ஒன்பது மணிக்கு மொட்டைமாடியில் சுற்றிச் சுற்றி வந்தேன். மூன்றாவது வாரம் முழங்கால் வீங்கி, அதன் பிறகு ஒரு மாதம் நடையே இல்லை. அப்போதுதான் இந்த எண்ணின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

1964-இல் டோக்கியோவில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்தன. அதையொட்டி ஜப்பானில் உடற்பயிற்சி ஆர்வம் பெருகியிருந்தது. மறு ஆண்டு, 1965-இல், யமாசா என்ற ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டும் ஓர் அடி எண்ணியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயர் மான்போ-கெய். ஜப்பானிய மொழியில் 'மான்' என்றால் பத்தாயிரம், 'போ' என்றால் அடி, 'கெய்' என்றால் அளவி. பத்தாயிரம் அடி அளவி என்பது ஒரு விற்பனைப் பெயர். நினைவில் நிற்கும் முழு எண் என்பதால் அது உலகெங்கும் பரவி, பிறகு கைப்பேசிக்குள்ளும் குடியேறிவிட்டது.

அப்படியானால் எவ்வளவு நடந்தால் போதும்? ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ என்பவரும் குழுவினரும் 2019-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அமெரிக்காவில் சராசரி வயது 72 உள்ள ஏறத்தாழ 16,700 பெண்களுக்கு அடி அளக்கும் கருவி அணிவித்து, பின்னர் சில ஆண்டுகள் அவர்களைக் கவனித்து வந்தனர். நாளொன்றுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிட, சுமார் 4,400 அடி நடந்தவர்களில் இறப்பு 41 விழுக்காடு குறைவாக இருந்தது. அடிகள் கூடக்கூட நன்மையும் கூடி, 7,500 அடியளவில் நின்றுவிட்டது. உடல்நலத்தோடு இருப்பவர்களே அதிகம் நடப்பார்கள் என்பதால், எல்லா நன்மையையும் நடையின் கணக்கில் எழுதிவிட முடியாது. அதை ஆய்வாளர்களும் கணக்கில் எடுத்துக்கொண்டே பேசுகிறார்கள். 2022-இல் 15 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதே போக்குத்தான் தெரிந்தது. 60 வயதுக்கு மேற்பட்டோருக்கு 6,000 முதல் 8,000 அடியிலும், அதற்குக் குறைந்த வயதினருக்கு 8,000 முதல் 10,000 அடியிலும் நன்மை ஏறுவது நின்று சமநிலைக்கு வந்தது.

இளைஞர் 10,000 அடி நடந்தால் தவறில்லை. ஆனால் 3,000 அடி நடந்துகொண்டிருக்கும் ஒரு பாட்டி 4,500-க்கு வந்தாலே பெரிய ஆதாயம் பெறுகிறார் என்பதை அந்தப் பச்சை வட்டம் அவருக்குச் சொல்வதில்லை. பாதி கூட நிறையாத வட்டத்தைக் காட்டித் தோற்றவராக்கி அனுப்பிவிடுகிறது. நல்லவேளையாக, பெரும்பாலான செயலிகளில் இலக்கை நாமே மாற்றிக்கொள்ளலாம். அமைப்புகள் என்ற பகுதிக்குள் போய் அந்த எண்ணைத் திருத்துவதுதான் செயலியை நிறுவியவுடன் செய்யவேண்டிய முதல் வேலை.

எண்ணுவதால் மட்டும் நடை கூடுமா?

2007-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று இக்கேள்விக்கு ஓரளவு விடை தருகிறது. அது கைப்பேசிச் செயலிகள் வருவதற்கு முந்தைய காலம். இடுப்பில் மாட்டும் சாதாரண அடி எண்ணிகளைக் கொண்டு நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கருவி அணிந்தவர்கள் அணியாதவர்களைவிட நாளொன்றுக்குச் சுமார் 2,500 அடி கூடுதலாக நடந்திருந்தனர். யாருக்கு நடை கூடியது என்று பிரித்துப் பார்த்தபோது, 'இன்று இவ்வளவு' என்று ஓர் இலக்கு வைத்திருந்தவர்களுக்குத்தான் கூடியது. இலக்கில்லாமல் வெறுமனே எண்ணிப் பார்த்தவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே அளவு வீட்டுப்பாடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். முடியாதவன் நோட்டைக் கொண்டுவருவதையே நிறுத்திவிடுவான். அடி இலக்கும் அப்படித்தான். அவரவர் இருக்கும் இடத்திலிருந்து அடுத்த படியாக அது இருக்க வேண்டும்.

கருவி இருந்தால் போதும் என்ற நம்பிக்கையை அசைத்த ஆய்வும் உண்டு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் உடல் எடை கூடிய ஏறத்தாழ 470 இளம் வயதினரை இரு குழுவாகப் பிரித்து இரண்டாண்டு கவனித்தார்கள். இரு குழுவுக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை உண்டு. ஒரு குழுவுக்கு மட்டும் ஆறு மாதத்துக்குப் பிறகு அணியும் கருவியும் தரப்பட்டது. 2016-இல் முடிவு வெளிவந்தது. கருவி பெற்றவர்கள் சராசரியாக 3.5 கிலோ எடை குறைந்திருந்தனர். கருவி இல்லாதவர்கள் 5.9 கிலோ குறைந்திருந்தனர்! இதற்கான காரணம் உறுதியாகவில்லை. நிறைய நடந்துவிட்டோம் என்று எண் காட்டியதும் இன்னும் இரண்டு வடை சாப்பிடலாம் என்று தோன்றுவது மனித இயல்புதானே என்பது என் ஊகம்.

விளையாட்டு, பணம், குடும்பம்

2016 ஜூலையில் போக்கிமான் கோ என்ற கைப்பேசி விளையாட்டு வெளிவந்தது. தெருவில் நடந்துபோய், திரையில் தோன்றும் கற்பனை உயிரினங்களைப் பிடிக்க வேண்டும். பிள்ளைகளும் பெரியவர்களும் பூங்காக்களில் கூட்டம் கூட்டமாகத் திரிந்தார்கள். உடற்பயிற்சிச் சிக்கலுக்குத் தீர்வு கிடைத்துவிட்டது என்றுகூட எழுதினார்கள். அமெரிக்க இளைஞர்களின் கைப்பேசி அடிக்கணக்கை வைத்து ஆய்வு செய்தபோது, விளையாடத் தொடங்கிய முதல் வாரம் நாளொன்றுக்குச் சராசரியாக 955 அடி கூடியிருந்தது. ஆறாவது வாரம் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. புதுமை தரும் ஊக்கத்தின் ஆயுள் அவ்வளவுதான்.

பணம் கொடுத்தால்? சிங்கப்பூரில் 13 நிறுவனங்களைச் சேர்ந்த 800 ஊழியர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு அடி எண்ணும் பட்டையோடு, வாரத்தில் 50,000 அடிக்கு மேல் நடந்தால் ரொக்கமும் கிடைக்கும். ஆறு மாதம் பணம் கொடுத்தபோது நடை கூடியது. பணத்தை நிறுத்தி ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அந்தக் கூடுதல் மறைந்திருந்தது. பட்டையைப் பெரும்பாலோர் கழற்றியே வைத்துவிட்டார்கள். எடை, இரத்த அழுத்தம் ஆகியவற்றிலும் முன்னேற்றம் காணப்படவில்லை. அதே சிங்கப்பூரில் 2015 முதல் தேசிய அடிகள் சவால் என்ற அரசுத் திட்டம் நடக்கிறது. நடந்த அடிகள் ஹெல்தி 365 என்ற செயலியில் புள்ளிகளாகச் சேரும். புள்ளிகளைப் பற்றுச்சீட்டாக மாற்றிக் கடைகளில் செலவழிக்கலாம். ஒரு முறை கொடுத்து நிறுத்துவதைவிட, ஊக்கத்தைத் தொடர்ந்து புதுப்பிக்கும் ஏற்பாடு இது.

பணம் கொடுக்கும் விதமும் வேறுபாட்டை உண்டாக்குகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 281 ஊழியர்களுக்கு 7,000 அடி இலக்கு வைத்து 13 வாரம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு குழுவுக்கு, இலக்கை எட்டிய ஒவ்வொரு நாளும் 1.40 டாலர் சேரும். இன்னொரு குழுவுக்கு மாதத் தொடக்கத்திலேயே 42 டாலர் கணக்கில் வைக்கப்படும். இலக்கைத் தவறவிட்ட ஒவ்வொரு நாளும் அதிலிருந்து 1.40 டாலர் பிடித்துக்கொள்ளப்படும். கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே தொகைதான். ஆனால் பணமே இல்லாத குழு 30 விழுக்காடு நாட்களில் இலக்கை எட்டியபோது, சேர்த்துக்கொண்டே போன குழு 35 விழுக்காடும், இழக்கும் அச்சத்தில் இருந்த குழு 45 விழுக்காடும் எட்டின. வருவதைவிடப் போவது நமக்கு அதிகம் வலிக்கிறது.

இதே கருத்தைப் பணமில்லாமல், குடும்பத்தை வைத்துச் செய்து பார்த்த ஆய்வுதான் நான் படித்தவற்றுள் மிகவும் பிடித்தது. 2017-இல் வெளியான இதில் அமெரிக்காவின் 94 குடும்பங்களைச் சேர்ந்த 200 பேர் பங்கேற்றனர். விளையாட்டுக் குழுவில் சேர்ந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் வாரத் தொடக்கத்தில் 70 புள்ளிகள் தரப்படும். ஒவ்வொரு நாளும் குடும்பத்தில் யாராவது ஒருவரைக் கணினி குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கும். அவர் முந்தைய நாள் தன் இலக்கை எட்டியிருந்தால் புள்ளிகள் அப்படியே இருக்கும். எட்டவில்லை என்றால் குடும்பமே 10 புள்ளிகளை இழக்கும். இன்று யார் பெயர் வரும் என்று முன்கூட்டியே தெரியாது. ஆகவே எல்லோரும் நடந்தாக வேண்டும். அப்பா நடக்கவில்லை என்றால் மகளுக்கும் இழப்பு. திட்டுவதற்குக் காரணம் கிடைத்துவிடுகிறது, அக்கறையாகக் கேட்பதற்கும் கிடைத்துவிடுகிறது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் மீண்டும் 70 புள்ளிகளோடு தொடங்குவதால், போன வாரம் கெட்டுப்போனாலும் இந்த வாரம் புதிதாகத் தொடங்கலாம். 12 வாரங்களில் இந்தக் குழுவினர் 53 விழுக்காடு நாட்களில் இலக்கை எட்டினர். விளையாட்டில் சேராத குழுவினர் 32 விழுக்காடு நாட்களில்தான் எட்டினர். விளையாட்டை நிறுத்திய பிறகு வேறுபாடு குறைந்தாலும் முற்றிலும் மறையவில்லை.

இங்கே ஒருவர் கையில் ஒருவரைப் பிணைத்துவைத்ததுதான் வேலை செய்தது. எண்ணிச் சொல்வதற்கு மட்டுமே கருவி பயன்பட்டது. இதை நம் வீடுகளில் எந்தச் செயலியும் இல்லாமல், வாட்ஸ்அப் குழுவையும் திருவுளச் சீட்டையும் வைத்தே செய்துவிடலாம். பரிசுக்குப் பதில், புள்ளி 40-க்குக் கீழே போனால் ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவுவது ஆண்கள் பொறுப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

சென்னையில் குறுஞ்செய்தி

திறன்பேசி இல்லாதவர்களுக்கு இதில் ஒன்றுமே இல்லையா என்று கேட்பவர்களுக்காக ஒரு செய்தி. நீரிழிவு மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் சென்னையைத் தளமாகக் கொண்டு ஓர் ஆய்வு நடந்து, 2013-இல் லான்செட் குழும இதழொன்றில் வெளிவந்தது. நீரிழிவு வரும் நிலையில் இருந்த, தொழிற்கூடங்களில் வேலை பார்க்கும் 537 ஆண்களை அதில் சேர்த்தனர். அனைவருக்கும் தொடக்கத்தில் உணவு, உடலுழைப்பு குறித்து அறிவுரை தரப்பட்டது. பாதிப் பேருக்கு மட்டும் அதன் பிறகும் அதே பொருள் பற்றிச் சிறு குறுஞ்செய்திகள் கைப்பேசிக்குப் போய்க்கொண்டே இருந்தன. அவ்வளவுதான். இரண்டு ஆண்டு முடிவில், செய்தி பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்திருந்தது. செய்தி பெற்றவர்களில் அது 18 விழுக்காடு.

இந்த நன்மையில் உணவு மாற்றத்தின் பங்கும் இருப்பதால், இதை நடையின் வெற்றி என்று மட்டும் சொல்ல முடியாது. ஆனாலும் ஒன்று தெரிகிறது. ஒவ்வொருவரும் எந்த மனநிலையில் இருக்கிறார் என்று பார்த்து, அதற்கேற்ற செய்தியை அனுப்பினார்கள். இன்னும் முடிவெடுக்காதவருக்கு ஒரு செய்தி, தொடங்கிவிட்டவருக்கு வேறொன்று. இன்றைய செயலிகள் எல்லோருக்கும் ஒரே மாதிரி மணியடிக்கின்றன. மூன்றாம் நாள் அந்த மணி காதில் விழுவதில்லை, பத்தாம் நாள் அறிவிப்பையே அணைத்துவிடுகிறோம்.

சில எச்சரிக்கைகள்

நடைச் செயலி நாம் போகும் வழியையும் நேரத்தையும் சேமிக்கிறது. 2018 தொடக்கத்தில், ஸ்ட்ராவா என்ற செயலி வெளியிட்டிருந்த உலக வரைபடத்தில், வீரர்கள் ஓடிய தடங்கள் வழியாக இராணுவ முகாம்களின் அமைப்பே தெரிந்துவிட்டது என்று செய்தி வந்தது. இராணுவத்துக்கே அப்படி என்றால், தினமும் காலை ஐந்தரைக்குத் தனியாக நடக்கும் ஒரு பெண்ணின் வழித்தடம் எல்லோர் பார்வைக்கும் போவது நல்லதில்லை. இருப்பிடப் பகிர்வை அணைத்துவைத்தாலும் அடி எண்ணும் வேலை நடக்கும்.

செயலியால் செய்ய முடியாதவையும் உண்டு. நடைபாதை இல்லாத தெருவுக்கு அது நடைபாதை போடாது. நாய்களை விரட்டாது. சித்திரை வெயிலைத் தணிக்காது. நடக்கத் தூண்டியும் நடக்க இடமில்லை என்றால் குற்றம் நடப்பவருடையது ஆகாது. அந்த நாட்களில் வீட்டு மாடியோ, கோயில் பிராகாரமோ, பள்ளி மைதானமோ கைகொடுக்கும்.

தொடங்க நினைப்பவர்கள் முதல் வாரம் எதையும் மாற்றாமல், வழக்கம்போல் நடந்து, ஏழு நாள் கணக்கை மட்டும் எழுதிவைக்கலாம். அதன் சராசரிதான் உங்கள் தொடக்கப்புள்ளி. அடுத்த வாரம் அதனோடு 500 அடி கூட்டி இலக்காக வையுங்கள். 500 அடி என்பது ஐந்து நிமிட நடைதான். அது எளிதாகிவிட்டால் இன்னும் 500. முடியாத வாரம் இலக்கைக் குறைத்துக்கொள்வதில் வெட்கமில்லை. இதய நோய், மூட்டுவலி, கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர்கள் எவ்வளவு கூட்டலாம் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ தலைச்சுற்றலோ வந்தால், அன்றைய இலக்கு என்னவாக இருந்தாலும் அப்படியே நின்றுவிடுங்கள், உடனே மருத்துவ உதவி நாடுங்கள்.

என் இலக்கு இப்போது 5,500. முழங்கால் அதற்குச் சம்மதிக்கிறது. மாலையில் மகள் தன் ஊரிலிருந்து அவளுடைய எண்ணை அனுப்புவாள், நான் என்னுடையதை அனுப்புவேன். எண் வராத நாளில் தொலைபேசி மணி அடிக்கும்.